பதினைந்து நிமிட வேலை

ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு மெக்கானிக் எவாரிஸ்தோ ஏசியின் காப்பர் பைப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இல்லை. மே மாதத்துக் காலை, மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் மெக்சிகோவின் பாலைவன நகரம் மெஹிகாலி அடுப்பில் போட்ட கல்லாகிவிட்டது. கீழே, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஃபெர்மினின் குரல் வந்தது.

"குண்டா! ஏணி உடைஞ்சா என் மேல பழி போடாதே. நான் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தவன்."

"நீ விழுந்தது கூரை மேலேர்ந்து, தலைவா. நான் விழுந்தா தெருவே விழும்."

உள்ளே சிரிப்புச் சத்தம். ஆறு வருடமாக அந்தக் கட்டிலில் கிடந்தாலும் ஃபெர்மினுக்குச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. கட்டட வேலையில் கூரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியவன் அவன். கைகால் விளங்காமல் போனதைவிடக் கொடுமையான ஒன்றை டாக்டர் அவன் மனைவி ஒத்திலியாவிடம் தனியாக அழைத்துச் சொன்னார்: "இவர் உடம்புக்கு இனி வேர்க்காதும்மா. வெயில் ஏறினா சூடு உள்ளேயே தங்கிடும். அந்த ரூம் எப்பவும் குளிர்ச்சியா இருக்கணும்." அன்றிலிருந்து அந்த ஏசி அவர்கள் வீட்டில் இன்னொரு ஆள்.

எவாரிஸ்தோ மீட்டரை மாட்டினான். முள் கீழேயே கிடந்தது. கேஸ் குறைந்திருக்கிறது. போன வருடமும் இதே மே மாதத்தில் குறைந்தது, அதற்கு முந்தின வருடமும். ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? எங்காவது ஓட்டை இருந்தால்தான் குறையும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் "கேஸ் போட்டுட்டா போதும்" என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. கேட்கிறவரும் அதைத்தான் கேட்கிறார், செய்கிறவனும் அதைத்தான் செய்கிறான்.

பைப் சேரும் நட்டின் அடியில் கேஸோடு கசிந்த எண்ணெய் பிசுபிசுத்தது. அதன்மேல் பாலைவனத்துத் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. ஓட்டை அங்கேதான். சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. பைப்பின் வாயை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை முறுக்கி, வேக்குவம் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, பெட்டியில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றவேண்டும். இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அன்று இன்னும் ஒன்பது வீடுகள் காத்திருந்தன. அதோடு, ஓட்டையை அடைத்துவிட்டால் அடுத்த மே மாதம் இந்த வீட்டிலிருந்து யார் கூப்பிடுவார்கள்?

எவாரிஸ்தோ கெட்டவன் இல்லை. அதுதான் இதில் வேதனை. அவன் கட்டைவிரலால் எண்ணெயை வழித்துக் கால்சட்டையில் துடைத்தான். பைப் குளிர்ந்து வேர்க்கும் வரை கேஸ் ஏற்றினான். பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிட்டான்.

"எல்லாம் சரியா மாஸ்டர்?" என்று வாசலில் நின்ற ஒத்திலியா கேட்டாள். கையில் அவனுக்காகக் குளிர்ந்த செம்பருத்திப்பூ சர்பத்.

"ஐஸ் மாதிரி இருக்கும்க்கா. கவலையை விடுங்க."

அவள் கவலையை விட்டாள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ஓட்டை பெரிதானது. ஒத்திலியா ஊசிக்குழாய் தயாரிக்கும் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தாள். அங்கே போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பதினோரு மணிக்கு ஃபெர்மின், தலையணையோரம் கட்டியிருந்த போனிடம் பேர் சொல்லி எவாரிஸ்தோவைக் கூப்பிட்டான்.

"குண்டா, உன் ஐஸ் உருகிடுச்சுடா. இது அனலைக் கக்குது."

"இப்போ வந்துடறேன், தலைவா."

எங்கள் ஊரில் "இப்போ" என்றால் பத்து நிமிடமும் ஆகலாம், பொழுது சாயவும் ஆகலாம். யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. ஃபெர்மினும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே நாற்பத்தேழு டிகிரி. பன்னிரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டான். அப்போது குரல் குழறியது.

"குண்டா... வர்றியா?"

"கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்."

அவன் கிளம்பவில்லை. வேறொரு வீட்டுக் கூரையில் வேறொரு ஓட்டையின்மேல் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தான்.

தினமும் ஒரு மணிக்குச் சாப்பாடு ஊட்ட வரும் பக்கத்து வீட்டு சாயோதான் முதலில் பார்த்தாள். ஃபெர்மினின் முகம் சிவந்து, தோல் காய்ந்து, தொட்டால் சுட்டது. கண் திறந்திருந்தும் அவளை அடையாளம் தெரியவில்லை. ஈரத்துணியால் மூடினாள், கத்தினாள், ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். எவாரிஸ்தோ மூன்றே காலுக்கு ஏணியோடு வந்து சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே ஃபெர்மினின் உயிர் போயிருந்தது. ஒத்திலியாவுக்கு ஷிப்ட் முடிந்து போனைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

இறந்தவருக்காகச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தின் கடைசி மாலையில் எவாரிஸ்தோ வந்தான். வழக்கப்படி ஒரு பை சர்க்கரையும் காப்பித்தூளும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஜெபமாலை முடிந்து எல்லோரும் கலையும் வரை சுவரோரம் நின்றான். ஒத்திலியா அவனுக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

"உக்காருங்க மாஸ்டர். நீங்க வந்தாலே அவருக்கு அன்னிக்குப் பூரா சிரிப்பு. ஆறு வருஷம் பாத்துக்கிட்டீங்க. வெயில் கொன்னுடுச்சு, யார் என்ன பண்ண முடியும்?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நன்றியைத் தாங்க முடியவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னான்.

"வெயில் இல்லைக்கா. நான்தான். ஓட்டை எங்கேன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷமா தெரியும். நீங்க பாத்துடக் கூடாதுன்னு துடைச்சுட்டேன். அடைச்சிருந்தா அன்னிக்கு ஏசி நின்னிருக்காது."

 ஒத்திலியாவின் அழுது வற்றிய கண்கள் அவனையே பார்த்தன.

"ஏன்?" என்றாள்.

"நேரமில்லைன்னு. அப்புறம்... மறுபடி கூப்பிடுவீங்கன்னு."

"கூப்பிட்டாரே," என்றாள் ஃபெர்மினின் போனைப் பார்த்திருந்த அவள். "ரெண்டு தடவை கூப்பிட்டாரே."

எவாரிஸ்தோ குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"என் வீட்ல புகுந்து நீங்க திருடியிருந்தா நான் மறந்திருப்பேன். திருடுறவனுக்கு என்ன எடுத்தோம்னாவது தெரியும். தெரிஞ்சே அரைகுறையா வேலை செய்யறவனுக்கு, யார் உசுரை எடுக்கிறோம்னே தெரியாது. இந்த ஊர்ல இன்னும் எத்தனை வீட்டுக் கட்டில்ல எத்தனை பேர் உங்களை நம்பிப் படுத்திருக்காங்களோ! இங்க நின்னு அழாதீங்க. அங்க போங்க."