மாதா முகத்தில் நாலு ஸ்க்ரூ

கோயிலுக்குள் காலை வைத்ததுமே எனாமல் பெயின்ட் நாற்றம் மூக்கில் ஏறியது. பழைய மரச்சிலைகளைச் செப்பனிடுவதே பிழைப்பாகக் கொண்ட அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிய அது போதும். பீடத்தில் மாதா புதுச் சைக்கிள் மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தச்சன் செதுக்கி வண்ணம் தீட்டிய சிலை அது. கண் மட்டும் கண்ணாடி. அதைப் பொருத்துவதற்காக அவனே முகத்தைக் காதோரமாக அறுத்தெடுத்து, உள்ளே குடைந்து, கண்ணைப் பதித்து, மறுபடி சூட்டில் உருக்கிய வச்சிரப் பசையால் ஒட்டியிருந்தான். பசை காய்ந்து, போன மாதம் காதோரம் முடியளவு கோடு விட்டிருந்தது. இது விரிசல் இல்லை, மூட்டு. பசை கொண்டுவரப் பத்து நாள் ஆகும், அதுவரை யாரும் கை வைக்காதீர்கள் என்று கமிட்டித் தலைவரான சித்தப்பாவிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவரும் நன்றாகத் தலையாட்டினார்.

ஆட்டியவர் ஏழாம் நாளே கதவு ஜன்னல் செய்யும் ஆசாரியைக் கூட்டிவந்துவிட்டார். விரிசல் என்றால் முடுக்கத்தானே வேண்டும்? முன்பக்கத்திலிருந்தே நாலு ஸ்க்ரூ. ஓட்டையை அடைக்க மேலே புட்டிப் பூச்சு. அதற்கும் மேலே பெயின்ட். போதாக்குறைக்கு, அவள் சிலையை உடைத்துவிட்டு ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. கைக்கு வந்த இரண்டு வேலைகள் அந்தப் பேச்சிலேயே போய்விட்டன.

பத்தாம் நாள் பசையோடு அவள் வந்து பார்த்தால், மாதாவின் இடது கண்ணிலிருந்து கன்னத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. ஐம்பது பேர் முழங்காலில் நின்றார்கள். மாதா அழுகிறாளாம். விளக்குச் சூட்டில் புட்டியின் எண்ணெய் கசிகிறது என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சித்தப்பா அவளை ஓரமாக இழுத்தார்.

“நீ வாயத் திறக்காத. சனங்க சந்தோஷமா இருக்காங்க. நீ உடைச்சத நானும் மறந்துடறேன்.”

மன்னிக்கிறாராம்! கொழுப்பைப் பாருங்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயின்ட் அடித்தவன் விட்டுப்போன ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். தடுக்க வந்த பங்குச் சாமியாரிடம், இது அழுகை இல்லை, ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் ஏணியை விட்டு விலகிக்கொண்டார்.

புட்டியைச் சுரண்டி, நாலு ஸ்க்ரூவையும் முகத்துக்குப் பின்னால் இருந்த தலைப்பகுதி மரத்தை விட்டு வெளியே வரும்வரை மட்டும் திருகினாள். மிச்சப் பசையும் ஆசாரி முடுக்கிய முடுக்கில் விட்டுப்போயிருந்தது. ஸ்க்ரூக்களோடு முகம் அப்படியே கையில் வந்தது. கூட்டம் அலறியது. அவள் இறங்கி, சித்தப்பாவின் இரு கைகளிலும் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“உடைஞ்சிருந்தா விளிம்பு இப்படி நேரா இருக்குமா சித்தப்பா? ரம்பத் தடம் தெரியுது பாருங்க. செஞ்சவனே அறுத்தது. இந்தக் கண்ணு மட்டும்தான் நீங்க செஞ்சது.”

புருவத்தில் போட்ட ஸ்க்ரூ சாய்வாக இறங்கி, இடது கண்ணைக் குத்திக்கொண்டு நின்றது. கண்ணாடி மூன்று சில்லாகியிருந்தது. முழங்காலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.

“கீழ வைக்காதீங்க, சில்லு கொட்டிடும்” என்றாள் அவள். “பசை உருக ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

பசை இருந்த பையை எடுத்துக்கொண்டு அடுப்பு தேடிப் போனாள்.