மடிப்புக்குள் முசுறு

என் தையல் அறை ஜன்னலுக்கு நேரே ஒரு மாமரம். அது இல்லாவிட்டால் மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்து மிஷின் மிதிக்க முடியாது, வெயில் முகத்திலேயே அடிக்கும். அந்த மரத்தில்தான் என் தொழில் கூட்டாளிகள், முசுறு எறும்புகள், குடியிருந்தன. செம்பழுப்பு உடம்பு, நீளக் கால். ஒரு கூட்டம் வரிசையாக நின்று இலை ஓரங்களைப் பல்லால் இழுத்துப் பிடிக்கும். இன்னொரு கூட்டம் தன் புழுக்களைத் தூக்கி வந்து, அவற்றின் வாயில் வரும் பட்டு நூலால் இலைகளை ஒட்டித் தைக்கும். நாற்பது வருஷம் தைத்த எனக்கே அப்படி ஒரு தையல் வராது.

மாடியில் இருப்பவன் என் தம்பி. மரத்தை வெட்டினால்தான் புதுக் காருக்கு இடமாம். நான் கடைக்குப் போன நேரம் பார்த்து முதலில் எறும்புக்கு மருந்தடித்தான். ஆறு கூட்டில் ஐந்து கருகி விழுந்தன.

"எறும்புக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியேக்கா. ஞாயித்துக்கிழமை மரமே போயிடும். அன்னைக்குத்தான் காரும் வருது, தெருவையே கூப்பிட்டிருக்கேன். இந்தா, இந்த பேண்ட்டைக் கொஞ்சம் குட்டையாக்கிக் குடு."

"குடுடா. உனக்குத் தைக்காம யாருக்குத் தைக்கப்போறேன்?"

பகைத்துக்கொண்ட என் கையிலேயே தைக்கவும் கொடுத்தான். கால் மடிப்புக்குள் மீன் கழுவிய தண்ணீரைத் தடவினேன். விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடத்தில் தைக்காமல் விட்டேன். ஞாயிறு காலை அதை மாமரத்தில் கட்டிய கொடியில் தொங்கவிட்டேன். ஆறாவது கூட்டிலிருந்து கயிறு வழியாக ஒரு சிவப்பு நூல் இறங்கி வந்தது.

"என்னக்கா, ஒரு மாதிரி வாசனை வருது?"

"புதுத் துணி அப்படித்தான் இருக்கும். சீக்கிரம் போடு, கார் வந்துருச்சு."

முசுறு கடித்தால் விடாது. கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து எரிநீரையும் பீய்ச்சும். தம்பி காரைச் சுற்றி வந்தான், அப்புறம் சுற்றிச் சுற்றிக் குதித்தான். கோடாரியோடு நின்ற மரம் வெட்டுபவர் கேட்டார்:

"என்ன சார், கார் வந்ததுக்கு இவ்வளவு ஆட்டமா?"

பேண்ட்டிலிருந்து உதிர்ந்த ஒன்றைக் குனிந்து பார்த்தவர் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"முசுறு. கீழ நிக்கிற உங்களுக்கே இந்தக் கதி. மேல ஏறப்போறவன் நான். ஆளை விடுங்க."

"மருந்தடிச்சாச்சுய்யா."

"அப்ப இது யாரு, உங்க விருந்தாளியா?"

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, வீங்கிய காலுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.

"உன் வேலைதானே?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வெறும் எறும்புடா தம்பி."

சாயங்காலம் பேண்ட் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. உடம்பு அறுந்த பிறகும் ஒரு முசுறின் தலை துணியைக் கவ்விக்கொண்டு கிடந்தது. அதை எடுக்காமல் மடிப்பை மூடித் தைத்துக் கொடுத்தேன்.

கார் இப்போது தெருவில், வெயிலில் நிற்கிறது. ஜன்னலுக்கு எதிரே என் கூட்டாளிகள் ஏழாவது கூடு தைக்கிறார்கள்.