ஒன்பதுக்கு நாலு கவர்

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு மழையைப் பார்க்கக்கூட போன் வேண்டியிருக்கிறது. மடுல்சீமையிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பயல் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு படம் பிடித்தான். மூடச் சொன்னால், காதில் செருகியிருந்ததைக் கழற்றாமலே சிரித்தான். அவன் படம் பிடித்த மழை முழுக்க வீரய்யாவின் மடியில் விழுந்தது. மடியில் பேத்தி நிஷாந்தினியின் தாதிப் பயிற்சி விண்ணப்பம் இருந்தது.

பதுளையில் இறங்கும்போது பழுப்பு நிறப் பெரிய கவர் ஊறி வாய் பிளந்திருந்தது. இன்றைக்குத்தான் கடைசி நாள். கார்மென்ட் தொழிற்சாலையில் லீவு கிடைக்காத பேத்தி, பதிவுத்தபாலில் போட்டு ரசீதுத் துண்டை வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். தபால் கந்தோரை மூட அதிக நேரமில்லை. வீரய்யா எதிரே இருந்த எழுதுபொருள் கடைக்குள் நுழைந்தார்.

"பேத்தியோட ஃபாரம் போட ஒரு கவர் குடும்மா. சின்னதா."

கடைக்காரி தனலெட்சுமி ஈரக் கவரைப் பார்த்தாள். "சின்னதுன்னா ஃபாரத்தை நாலா மடிக்கணும் தாத்தா. மடிக்கக் கூடாதும்பாங்க. பெரிசுதான் சரி."

"பெரிசுன்னா வெலையும் பெரிசுதானே. வேற காட்டு."

அவள் எடுத்துப் பரப்பினாள். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டது வெளிநாட்டுக்கு. சதுரமானது கலியாணப் பத்திரிகைக்கு. கண்ணாடிக் காகிதம் ஒட்டிச் சன்னல் வைத்தது பேங்குக்காரர்களுக்கு. அதை மட்டும் வீரய்யா ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். உள்ளே இருப்பதை ஊருக்குக் காட்டுகிற கவரை எவன் கண்டுபிடித்தான்?

"பெரிசையே குடு. ஏமாத்துனா திரும்பி வருவேன்."

"வாங்க. கடை இங்கதான் இருக்கும்."

ஈரக் கவரை அவள் பிரித்தாள். விண்ணப்பம் பிளாஸ்டிக் உறைக்குள் தப்பியிருந்தது. கூடவே நீளமான வெள்ளைக் கவர் ஒன்று விழுந்தது. அதில் ஒட்டியிருந்த முத்திரை நழுவித் தொங்கியது.

"இது யாருக்கு?" என்றார் வீரய்யா.

"உங்க பேத்திக்குத்தான். ஒன்பதுக்கு நாலு கவர். இன்டர்வியூவுக்குக் கூப்பிடுற கடிதத்தை இதுல வச்சுத்தான் அனுப்புவாங்க. தேயிலைத் தோட்டத்து விலாசம் எழுதியிருக்கு."

வீரய்யாவின் கை கவர்மேல் விழுந்தது. "தோட்டத்துக்கு வேணாம்."

தோட்டத்துக்கு வரும் தபால் நேரே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வராது. தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிடக்கும். அங்கிருந்து யாராவது லயத்துப் பக்கம் வந்தால் வரும். மகன் ஜெயரூபனை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கடிதம், நேர்முகம் முடிந்த பிறகுதான் கையில் கிடைத்தது. அவன் இன்றைக்கும் கொழும்பில் ஓட்டல் பாத்திரம் கழுவுகிறான்.

"கிழிச்சுப் போடு."

"கிழிச்சா கூப்பிடவே மாட்டாங்க தாத்தா."

எதிரே தபால் கந்தோரில் ஒரு சன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப ஒங் கடை விலாசத்தை எழுது."

பேனாவை எடுத்த அவள் கை நின்றது. "என்னைய நம்புறீங்களா?"

"நம்பல. ஒங் கடை வாசல்ல வந்து ஒக்காந்து கேக்கலாம். ஆபீஸ் வாசல்ல ஒக்கார விடமாட்டாங்க."

தனலெட்சுமி ஈர வெள்ளைக் கவரை ஒதுக்கினாள். பிறகு புது வெள்ளைக் கவரில் நிஷாந்தினியின் பெயரையும் அதன்கீழ் கடை விலாசத்தையும் எழுதி, பழைய முத்திரையைப் பசை தடவி ஒட்டினாள். அதை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பெரிய கவருக்குள் வைத்து, முகப்பில் போய்ச் சேரவேண்டிய விலாசத்தை எழுதினாள். ஒட்டப் போகும்போது வீரய்யா வெடுக்கென்று பிடுங்கினார். காசை மேசையில் வைத்துவிட்டு, கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் தெருவைக் கடந்தார்.

கவுண்டரில் ஸப்வான் என்ற இளைஞன் எழுந்துகொண்டிருந்தான். வீரய்யா வெள்ளைக் கவரை உருவி நீட்டினார்.

"தம்பி, இதப் படிங்க."

"ஐயா, மூடப் போறேன்."

"படிங்க. எனக்கு எழுத்துத் தெரியாது."

ஸப்வான் நின்றபடியே படித்தான். நிஷாந்தினியின் பெயர். எதிர்க்கடையின் பெயர். தெரு. பதுளை.

"சரிதானா?" என்றான்.

வீரய்யா கவரைத் திரும்பப் பெரிய கவருக்குள் வைத்து, கவுண்டரில் இருந்த பசையைத் தடவி, உள்ளங்கையால் அழுத்தினார். ஸப்வான் மறுபடி உட்கார்ந்து, காசை வாங்கிச் சீல் குத்தினான். ரசீதுத் துண்டு வீரய்யாவின் இடுப்பு மடிப்புக்குள் போனது.

வெளியே வந்தபோது தனலெட்சுமி கடை வாசலில் நின்றிருந்தாள். "போட்டாச்சா தாத்தா?"

"போட்டாச்சு. திங்கக்கெழம வர்றேன்."

"திங்கக்கிழமையா? பதில் வர மாசக்கணக்காகும்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீரய்யா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.