எட்டுக்கு மூன்று

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே, மதியழகன் ஒரு விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து ஃபீபியின் மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"உங்க பி செக்‌ஷன். பாத்துக்குங்க" என்றவர், பதிலுக்கு நிற்காமல் தன் நாற்காலிக்குப் போய் டீயை உறிஞ்ச ஆரம்பித்தார்.

ஆம்பூர் பஜாருக்குப் பின்புறம் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தமிழுக்கு இரண்டே பேர். ஏ பிரிவு மதியழகனுக்கு, பி பிரிவு ஃபீபிக்கு. ஒருவர் பிரிவின் தாளை மற்றவர் திருத்த வேண்டும் என்பது தலைமையாசிரியர் இன்பசேகரனின் ஏற்பாடு.

ஃபீபி மேல் தாளைப் புரட்டிக் கட்டுரைக்கு வந்தாள். 'எங்கள் ஊர்' என்பது தலைப்பு. எட்டுக்கு மூன்று. அடுத்த தாளிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. சௌமியாவின் தாளில் மட்டும் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'உட்தலைப்பு இல்லை. மேற்கோள் இல்லை. இது கட்டுரையா, புலம்பலா?'

சௌமியா மாதனூர்க்காரி. அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவள். கம்பெனி பஸ் வருவதற்குள் அம்மா நின்றுகொண்டே சாப்பிடுவதையும், பஸ் ஹாரன் கேட்டதும் கடைசிக் கவளத்தை நாய்க்குப் போட்டுவிட்டு ஓடுவதையும், ஊருக்கு வந்த சித்தி மகன் தோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியபோதுதான் அப்படி ஒரு நாற்றம் இருப்பதே தனக்குத் தெரிந்தது என்பதையும் எழுதியிருந்தாள். ஃபீபி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து மதியழகன் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் மூணு போட்டிருக்கீங்களே சார். படிச்சுப் பாத்தீங்களா?"

"படிச்சேன் மேடம். கதை எழுதச் சொல்லல. கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாங்க."

"ஊரைப் பத்திக் கேட்டாங்க. அவ ஊரைப் பத்தி எழுதியிருக்கா."

"முன்னுரை எங்க? முடிவுரை எங்க? நீங்க சொல்லித்தர லட்சணம் இதான்னா அந்தப் பொண்ணுங்க பப்ளிக்ல நாசமாப் போவும். அன்னிக்கு உங்க புதுமுறையைக் கட்டிக்கிட்டு அழுங்க."

ஆசிரியர் அறையில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தச் சண்டை அவர்களுக்குப் புதிதில்லை.

இரண்டு வருடமாகவே இப்படித்தான். மதியழகன் கட்டுரையைச் சொல்லச் சொல்ல மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து. ஃபீபி எதையும் சொல்லி எழுதவைக்க மாட்டாள். தலைப்பைக் கொடுத்து, வகுப்பிலேயே எழுதவைத்து, பக்கத்திலிருப்பவளிடம் படித்துக்காட்டச் சொல்லி, அடித்துத் திருத்தி மறுபடி எழுதவைப்பாள். பி பிரிவில் எப்போதும் சந்தைக்கடை இரைச்சல் என்று மதியழகன் புகார் சொல்வார். ஏ பிரிவில் பிள்ளைகள் இல்லை, ஜெராக்ஸ் மெஷின்கள்தான் இருக்கின்றன என்று ஃபீபி ஒருமுறை அவர் காதுபடவே சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு அறுந்துபோனது. தேவைக்கு மட்டும் ஓரிரு சொல் பேசிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் வேலையில் ஏ பிரிவுத் தாள்களை ஃபீபி இன்னும் திருத்தியிருக்கவில்லை. அன்று மாலை வீட்டில் அந்தக் கட்டைப் பிரித்தாள். 'தென்றல் தவழும் சோலைகளும், வற்றாத பாலாறும் வளம் சேர்க்கும் எங்கள் ஊர்...' அடுத்த தாளைப் பிரித்தாள். வற்றாத பாலாறு. கட்டு முழுக்க அதே பாலாறு வற்றாமல் ஓடியது. மணல் லாரி இறங்கி ஏறும் ஆற்றைத் தினமும் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் பிள்ளைகள் இதை எழுதியிருக்கிறார்கள். பகலில் அடக்கிய ஆத்திரமெல்லாம் அவள் பேனாவுக்கு இறங்கியது. கட்டுரைக்கு நேராகப் பூச்சியம் போட்டாள். 'சொந்தமாக எழுதவில்லை' என்று அடியில் எழுதினாள். கட்டு முடியும்வரை கை நிற்கவில்லை. கடைசித் தாளை மூடியபோது அவளுக்கு நல்ல பசி எடுத்தது; திருப்தியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் மதியம் தாள்கள் ஏ பிரிவுக்குப் போயின. மாலை மணி அடித்ததும், படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண் அவளை மறித்தாள். மஹீன். புர்காவைப் புத்தகப் பையோடு சேர்த்து இடுப்பில் அணைத்திருந்தாள்.

"நான் ஃபெயில் மிஸ். முப்பத்திமூணு. கட்டுரையில சைபர் போட்டுட்டீங்க."

"நீயா எழுதினியா அதை?"

"இல்ல. சாரு சொன்னது."

"அப்புறம்?"

"எங்க வூட்ல உருதுதான் மிஸ். அம்மாக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுறது வேற, எழுதுறது வேற. ஒரு தமிழ் வரி எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியணும்னு எனக்கு சாரு சொன்னதை வெச்சுதான் தெரியும். அவரு சொன்னத எழுதலேன்னா அவரு அடிப்பாரு. எழுதுனா நீங்க சைபர் போடுறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் தகராறுன்னா நாங்க இன்னா பண்ணோம்?"

ஃபீபியின் குரல் உயர்ந்தது. "மரியாதையாப் பேசு" என்றாள்.

"மரியாதையாத்தான் மிஸ் கேக்குறேன்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. புர்காவை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். ஃபீபி பஸ்ஸில் வீடு போகும்வரை மனதுக்குள் அவளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பதிலும் சரியாக நிற்கவில்லை. மதியழகனுக்கு வைத்த அடி இந்தப் பிள்ளைகளின் முதுகில் விழுந்திருந்தது. பூச்சியம் போட்டபோது அவள் அவர்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் அவள் போய்த் தன் தப்பைச் சொல்வதற்கு முன்பே தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். மதியழகன் அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சர் இது? ஒரு செக்‌ஷன் முழுக்க சைபர். பெத்தவங்க வந்து நின்னா நான் இன்னா சொல்றது?" என்றார் இன்பசேகரன்.

"தப்புதான் சார். நானே திருத்திப் போடறேன். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்றாள் ஃபீபி. "அதே மாதிரி இவரும் பி செக்‌ஷன் கட்டுரைங்களை மறுபடி பாக்கணும்."

"நான் எதுக்குப் பாக்கணும்?" மதியழகன் நிமிர்ந்தார். "நான் யாருக்கும் சைபர் போடல. விதிப்படி மூணு. சார், நான் பப்ளிக் பேப்பர் திருத்தப் போறவன். கட்டுக் கட்டா வரும். திருத்துறவன் உட்தலைப்பப் பாப்பான், அடிக்கோட்டப் பாப்பான், மார்க்கப் போடுவான். எவன் உக்காந்து இவங்க அம்மா சாப்ட கதையப் படிப்பான்?"

"நீங்க படிச்சிருக்கலாம் இல்ல?"

"நல்லாத்தான் எழுதியிருந்தா அந்தப் பொண்ணு. யாரு இல்லேன்னது? நல்லாயிருந்தா மார்க் வந்துடுமா?"

நன்றாக இருந்தது என்று தெரிந்தேதான் மூன்று போட்டிருக்கிறார். புரியாமல் போட்டிருந்தால்கூட ஃபீபிக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"போதும், நிறுத்துங்க" என்றார் இன்பசேகரன். "டீச்சர், நீங்க சைபரை மாத்துங்க. அவரு போட்டது அப்படியே இருக்கட்டும். இனிமே ரெண்டு செக்‌ஷனுக்கும் கட்டுரையில உட்தலைப்பு கட்டாயம். எனக்கு ரிசல்ட் வேணும்."

மதியழகன் வெளியே வந்து, "இப்பவாவது வழிக்கு வந்தீங்களே" என்றார். ஃபீபி அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

ஏ பிரிவுக்குப் போய், "நான் போட்டது தப்பு" என்று சொல்லி மதிப்பெண்களை மாற்றினாள். யாரும் நன்றி சொல்லவில்லை. மஹீன் கூட்டலை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். அடுத்த மணி பி பிரிவு. அதற்குள் சேதி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அவங்களுக்கு ஏத்திக் குடுத்துட்டீங்களாமே மிஸ். எங்களுக்கு?" சௌமியா எழுந்து நின்று கேட்டாள்.

"உங்களுக்கு மாறாது. கேட்டுப் பாத்தேன்."

"அப்ப நீங்க சொன்ன மாதிரி எழுதினதுக்கு எங்களுக்கு மூணு. அவரு சொன்ன மாதிரி எழுதினதுக்கு அவங்களுக்கு ஆறு."

"இனிமே உட்தலைப்பு போட்டு எழுதிக்கலாம். உள்ள உங்க விஷயம்தான்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்! எல்லாத்தையும் சொல்லிட்டு இதை மட்டும் ஏன் மறைச்சீங்க?"

மறைக்கவில்லை, அருவருப்பாக இருந்ததால் ஒதுக்கியிருந்தாள். அந்த அருவருப்பு அவளுடையது, போன மதிப்பெண் இவர்களுடையது. வகுப்பு முழுவதும் அவளை முறைத்தது. ஃபீபி கரும்பலகைப் பக்கம் திரும்பி, 'எனக்குக் கோபம் வந்தபோது' என்று எழுதினாள்.

"யார் மேல வேணா இருக்கலாம். என் மேலன்னாலும் சரி. உட்தலைப்பு போட்டு எழுதுங்க."

அன்று பி பிரிவில் இரைச்சல் இல்லை. யாரும் யாருக்கும் படித்துக்காட்டவில்லை. பேனாக்கள் மட்டும் ஓடின. மணி அடித்தும் சிலர் எழுந்திருக்கவில்லை.

சௌமியாவின் கட்டுரையை ஃபீபி அங்கேயே படித்தாள். முன்னுரையிலேயே ஃபீபியின் பெயர் இருந்தது. 'எங்களை நம்பச் சொன்னவர், எங்களுக்காகச் சண்டை போடுகிறேன் என்று தனக்காகச் சண்டை போட்டார்' என்று ஓரிடத்தில் இருந்தது. படித்தபோது ஃபீபிக்குக் காது சூடானது. இரண்டாம் முறை படிக்காமலே ஆறு போட்டு நீட்டினாள்.

சௌமியா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ரெண்டு எதுக்கு மிஸ் கம்மி?"

"ஒற்றுப்பிழை நாலு இருக்கு. அப்புறம், முடிவுரையில முன்னுரையையே திரும்பச் சொல்லியிருக்க."

"ஒற்றுப்பிழைக்கு ஒண்ணு கொறைங்க. முடிவுரை சரியாத்தான் இருக்கு."

"சரியில்ல. காட்டட்டுமா?"

"காட்டுங்க" என்று சௌமியா பெஞ்சை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஃபீபி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.