மிச்சத் தோல்

"பயமா இருந்தா நீ வராதே, நான் தனியா—"

"பயம் எனக்கில்லடி. மேஜை மேல படுக்கப் போறவளுக்குல்ல வரணும் அது—"

"டாக்டரே பயப்படல, நீ என்னமோ—"

"அவங்க எதுக்குப் பயப்படணும்? அறுக்கறது அவங்க. அறுபடறது நீ!"

சலவைக் கடையின் பின்கட்டில் இஸ்திரி மேஜை உஸ்ஸென்று நீராவி விட்டது. அக்கா மிதியிலிருந்து காலை எடுத்து, யாரோ ஒருவருடைய கோட்டைத் திருப்பிப் போட்டாள். முகத்தில் வழிந்த வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். தங்கை முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் தொங்கிய திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாடிக்கையாளர் யாராவது வந்தால் ஒரே எட்டில் முன்னால் போய்ச் சிரிக்க வேண்டும்.

"ரத்தம் காலுல உறைஞ்சு நுரையீரலுக்குப் போயிடுமாம். தைச்ச இடம் பிரிஞ்சுக்குமாம். உள்ளுக்குள்ள நீர் கோத்துக்குமாம்."

"யாரு சொன்னா?"

"செல்லுல பாத்தேன்."

"உன் முட்டி வலிக்கு என்ன செய்யணும்னு என்னைக்காவது அதுல பாத்தியா?"

அக்கா மிதியை ஓங்கி மிதித்தாள். கோட்டு ஆவியில் மறைந்தது.

இரண்டு பேரும் ஒரே பருமனாக இருந்த காலம் ஒன்று உண்டு. "இந்த ரெண்டு தூண் நிக்கிற வரைக்கும் கட்டடம் விழாது" என்று எதிரில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவர் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் இருவரும் சிரித்துவிடுவார்கள். வேறொருவர் சிரிப்பதற்கு முன்னால் தாங்களே சிரித்துவிடுவது என்று பள்ளிக்கூட நாளிலேயே பழகியிருந்தார்கள். உணவைக் குறைப்பது, நடப்பது என்று ஆரம்பித்ததும் ஒன்றாகத்தான். மூன்றாவது வாரம் அக்கா முட்டியைக் காரணம் காட்டி உட்கார்ந்துவிட்டாள். தங்கை நடந்துகொண்டே இருந்தாள். பசியை அடக்கச் சிகரெட் பிடித்தாள். அதை விடுவதற்காக மருந்துக் கடையில் விற்கும் நிகோட்டின் கம்மை மெல்ல ஆரம்பித்தாள். ஒன்றரை வருடத்தில் அவளில் பாதி காணாமல் போனது. பூட்டுக்காரர் இப்போது, "என்னம்மா, ஒத்தைத் தூண்ல நிக்குது கடை?" என்கிறார். அதற்கு முந்திக்கொண்டு சிரிக்க அக்காவுக்கு வரவில்லை.

போன பாதி போக, மிச்சம் நின்றது தோல். அடிவயிற்றிலிருந்து மடிந்து தொடைமேல் தொங்கியது. மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகி, கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் தங்கை கல்லாவில் உட்காருவாள். இரவில் பவுடர் போட்டுவிடுவது அக்கா. அவளைத் தவிர அதைப் பார்த்தவர் கிடையாது.

யாரும் வாங்க வராத துணிகளை மாட்டும் கம்பியில் ஒரு நீல கவுன் தொங்கியது. "இதுல நம்ம ஆளுக்கு ஒரு காலைத்தான் விடலாம்" என்று முன்பெல்லாம் கேலி பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் கடை சாத்தியபின் தங்கை அதைப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் நுழைந்தது. ஜிப்பை இழுத்தபோது வயிற்றுத் தோல் பல்லில் மாட்டிக்கொண்டது.

"அக்கா! அக்கா, சீக்கிரம்!"

"ஆடாதடி, ஆடினா கிழியும்."

அக்கா சோப்பைத் தடவி ஒவ்வொரு பல்லாக விடுவித்தாள். அவசரப்படவில்லை. இந்தத் தோல் இருக்கும்வரை இவள் முழுசாகப் போய்விட மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் டாக்டரிடம் கூடப் போனவளும் அவள்தான். "ஆபரேஷனுக்கப்புறம் கூட இருக்க ஆள் வேணுமாம். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று தங்கை கேட்டுவிட்டாள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். ஒரு தாளில் வயிற்றை வரைந்து, இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை ஒரு கோடு இழுத்தார்.

"இந்தத் தழும்பு இருக்கும். போகாது."

"இருக்கட்டும் டாக்டர்."

"எடை ஏறாம இறங்காம இருக்கா?"

"ஆறு மாசமா அசையல."

"ரத்தத்துல இரும்புச் சத்து பரவாயில்ல. புரதம் இன்னும் சாப்பிடணும். அன்னைக்கே எழுப்பி நடக்க வைப்போம், கால்ல ரத்தம் உறையக் கூடாதுன்னு. நீர் வடியறதுக்குக் குழாய் இருக்கும். கனமான எதையும் தூக்கக் கூடாது."

"அப்ப இது சேஃப்தானே டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா. கேட்டது தன் குரல் மாதிரியே இல்லை. இல்லை என்ற பதிலுக்குக் காத்திருக்கிற குரல் அது.

"ஆபத்தே இல்லைன்னு நான் யாருக்கும் சொல்றதில்லம்மா. குறைக்கலாம். அதுல பாதி என் கையில, பாதி இவங்க கையில." டாக்டர் தங்கையைப் பார்த்தார். "சிகரெட்?"

"விட்டுட்டேன் டாக்டர். ரொம்ப நாளாச்சு."

"தோல்ல ஒட்டற பட்டை, மெல்லற கம் ஏதாவது? நிகோட்டின் எதுல வந்தாலும் தோலுக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கிடும். தைச்ச இடம் கறுத்து அழுகிப்போனவங்களை நான் பாத்திருக்கேன். நாலு வாரமாவது சுத்தமா நிறுத்தியிருக்கணும்."

தங்கையின் கை மடியிலிருந்த பையின் வாயை மூடியது.

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

டாக்டர் அடுத்த வாரத்தில் ஒரு தேதி சொன்னார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. தங்கை ஜன்னல் பக்கம். நான்காவது நிறுத்தத்தில் அவள் பைக்குள் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

"இப்பவுமா?"

"இது மருந்து அக்கா. மருந்துக் கடையிலதானே விக்கறான்."

"அவங்க சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"நாளையிலேர்ந்து விட்டுடறேன்."

"நாலு வாரம்னாங்கடி. உனக்கு நாலு வாரமா இருக்கு?"

தங்கை வெளியே பார்த்தபடி மென்றாள். "இதை விட்டா பசிக்கும். பசிச்சா சாப்பிடுவேன். சாப்பிட்டா மறுபடி தூண். அந்தப் பசி உனக்குத் தெரியாது."

"தெரியாமலா இந்த உடம்பைத் தூக்கிட்டு அலையறேன்?"

"அப்ப விடு. நீ யாருகிட்டயும் சொல்லாதே."

"நீ செத்துகித்துத் தொலைஞ்சேன்னா?"

"அப்ப நீல கவுனை நீ வச்சுக்கோ."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான், அந்த கவுனில் தன் ஒரு கால்கூட நுழையாது என்பது இருவருக்கும் தெரியும் என்று உறைத்தது.

இரண்டு நாள் அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. கைப்பேசியை எடுப்பாள், மருத்துவமனை எண்ணைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். சொன்னால் என்ன நினைப்பார்கள்? வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்பார்கள். சொல்லாமல் இருந்து, நாளைக்கு அந்தத் தோல் கறுத்துப்போனால்? அப்போது அதற்கும் பவுடர் போடப்போவது யார்? தனக்கு வயிற்றெரிச்சல் இல்லையென்று சத்தியம் பண்ண முடிந்தால் அந்த நிமிஷமே பேசியிருப்பாள்.

மூன்றாம் நாள் ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தாள். பட்டுச் சட்டை ஒன்றில் காபிக் கறை. தங்கை கல்லாவில் இருந்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறை போயிடும்ங்க. ஆனா ஆவியில எடுக்கணும்."

"நீங்களே செய்வீங்களா?"

"இல்லங்க, உள்ள செய்வாங்க."

அக்கா திரையை விலக்கிக் கை நீட்டினாள். தலையெல்லாம் வியர்வை, முகம் சிவந்து உப்பியிருந்தது. வந்தவள் மரியாதையாகத் தலையசைத்தாள்.

"உங்க அம்மாவா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். இரண்டே வயது பெரியவள் அவள். தங்கை ரசீதில் தேதியை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே சிரித்தாள்.

"ரொம்ப நல்லாப் பண்ணுவாங்க. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. வந்தவள் போனபிறகும் சொல்லவில்லை. "அக்கா, பட்டு, பாத்து" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பட்டுச் சட்டையைத் தோள் பிடித்து மாட்டினாள். பின்வாசலைத் திறந்துகொண்டு, காலி ஹேங்கர் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்தில் போய் நின்றாள்.

"ஹலோ, டாக்டர் இருக்காங்களா? ... இல்ல, அவசரம். அடுத்த வாரம் தோல் எடுக்க வரப்போறவளோட அக்கா பேசறேன். ... அக்கா. கூடப் பிறந்த அக்கா."

அந்தப் பக்கம் யாரோ காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டரின் குரல் வந்தது.

"சொல்லுங்கம்மா."

"அவ நிகோட்டின் கம் மெல்லறா. நாள் முழுக்க. இன்னைக்குக் காலையிலயும்."

"ஆபரேஷன் வேண்டாம்னு நினைக்கிறீங்களா?"

"அவ மெல்லறா. அதை மட்டும்தான் சொன்னேன்."

தன் குரல் எவ்வளவு தெளிவாக வந்தது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனசு லேசானது. லேசானது பிடிக்கவில்லை. உள்ளே போய்ப் பட்டில் இருந்த கறையைச் சுவடில்லாமல் எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் தங்கை திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் அழுத அடையாளம் இருந்தது.

"தள்ளி வச்சுட்டாங்க. கம்மை நிறுத்தி, ரத்தம் பாத்து, அப்புறம்தான் தேதியாம். பசிக்கு ஒரு டாக்டரைப் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். நானா சொல்லியிருக்கணும். பொய் சொன்னேன், என் தப்பு." தங்கை இடுப்பிலிருந்து கம் அட்டையை எடுத்து இஸ்திரி மேஜைமேல் போட்டாள். பாதி காலியாக இருந்தது. "யாரோ வீட்டுலேர்ந்து பேசினாங்கன்னாங்க."

"நான்தான்."

"தெரியும்."

"தையல் அழுகிப் போச்சுன்னா யாருடி—"

"அதுவும் தெரியும் அக்கா. அதை நான் கேக்கல."

அக்கா மிதியில் கால் வைத்தாள். அழுத்தவில்லை. மேஜையின் சூட்டில் அட்டை ஓரம் சுருண்டது. முன்கட்டில் யாரோ கல்லா மணியை அடித்தார்கள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பட்டுச் சட்டைக்காரம்மா உன்னை என் அம்மாவான்னு கேட்டாங்களே... அதுக்கு முன்னாடி போன் பண்ணினியா, அப்புறமா?"