கொலுப்படிக்குள் ஒரு இசைத்தட்டு

பத்ரி பேச ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எதிராளிக்குப் பசி வந்துவிடும். பேச்சு ஆஸ்திரேலியப் பாட்டைப் பற்றி என்றால் மட்டும்தான் அப்படி. மற்ற விஷயங்களில் அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் ஊரில் இருந்த அவன் வீட்டுக்குக் காப்பி சாப்பிடப் போன தமிழர்கள் யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. நம்மவர்களில் ஒருவர் கச்சேரி கேசட் சேர்ப்பார், இன்னொருவர் பழைய சினிமாப் பாட்டுச் சேர்ப்பார். இவன், அறுபதுகளில் சிட்னியிலும் மெல்பர்னிலும் இருபது வயதுப் பையன்கள் கூடிப் பாடி, சில நூறு பிரதிகள் அச்சடித்து, அதிலும் பாதி விற்காமல் போன பாப் இசைத்தட்டுகளைச் சேர்த்தான். ஆஸ்திரேலியாவை அவன் விமானத்திலிருந்துகூடப் பார்த்தது கிடையாது.

அந்த ஊர்த் தட்டு கலிஃபோர்னியாவில் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு லீவு கொடுத்து சிட்னிக்கு அனுப்புவார்களாம். அங்கே ராத்திரி கிளப்பில் கேட்ட பாட்டை மறுநாள் கடையில் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்களாம். முப்பது வருஷம் கழித்து அந்த வீடுகளைக் காலி பண்ணும்போது எல்லாம் சான் ஹோஸே பழைய சாமான் சந்தைக்கு வந்து சேரும். சனிக்கிழமை காலையில் பத்ரி முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைக் கிளறுவான். சொந்த நாட்டிலேயே மறந்து போன பாட்டு ஒரு டாலருக்குக் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்ததுதான் நைட் ஃபெர்ரீஸ் என்ற குழுவின் ஒரே இசைத்தட்டு. பாடியவர் பெயர் லெஸ் ஹார்டிகன். அதைப் பற்றி பத்ரி இன்டர்நெட் குழுவில் எழுதியதும் ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆடிப்போய்விட்டார்கள். அந்தத் தட்டை வெளியிட்ட கம்பெனியை மூடியபோது மூல டேப்புகளைக் குப்பையில் கொட்டிவிட்டார்களாம். வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை என்றால் இந்தப் பாட்டு செத்துப் போயிருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். ஆனால் தட்டு தேய்ந்துவிடும் என்று இரண்டு மூன்று தடவைக்கு மேல் அதைப் போட்டதில்லை. கேசட்டில் எடுத்து அனுப்பேன் என்று கேட்டவர்களுக்கு, நல்ல ஊசி வாங்கி மாட்டியதும் எடுக்கிறேன் என்று பதில் எழுதினான். ஊசி வந்தது, மாட்டியும் ஆயிற்று. கேசட் மட்டும் இன்னும் எடுத்தபாடில்லை.

அவன் மனைவி விஷாகா இதையெல்லாம் சகித்துக்கொண்டாள் என்று சொன்னால் அவளைக் குறைத்துச் சொன்னதாகும். அவளுக்கு அந்தப் பாட்டுகளில் சில நிஜமாகவே பிடிக்கும். அவளுடைய கவலை வேறு. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு முறை கர்ப்பம் தரித்து, இரண்டும் தங்கவில்லை.

இரண்டாவது, போன வருஷம். நவராத்திரி நடுவில் மாடிவீட்டுக் குழாய் உடைந்து கூரை ஒழுகியது. பொம்மைகளை வாரிக் கட்டில்மேல் போட வேண்டியதாயிற்று. வைத்த கொலுவை விஜயதசமி ஆகாமல் கலைக்கக் கூடாது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மாதமே குழந்தை போயிற்று. ஸ்ரீரங்கத்திலிருந்து விஷாகாவின் அம்மா போனில், "நடுவுல கொலுவை எடுத்தா வேற என்னடி ஆகும்?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள். அதன் பிறகு விஷாகா சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அவளை எழுப்பி உட்கார வைத்தது பத்ரிதான். டாக்டர் சொன்ன க்ரோமோசோம் விஷயத்தை ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினான். "சரி, முதல் தடவை நாம கொலுவே வெக்கலையே. அப்ப எதைக் கலைச்சோம்?" என்று கேட்டான். அவள் யோசித்தாள். அதையே அம்மாவிடமும் போனில் கேட்டாள். கொலுவுக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அலுக்காமல் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தேறினாள்.

இந்த வருஷம் அவளுக்கு நாலாம் மாதம். கொலு வைக்கலாமா என்று கேட்டபோது தாராளமாக வை என்றான். மகாளய அமாவாசை சமயத்தில் அவன் ஆபீஸ் வேலையாக ஆஸ்டின் போயிருந்தான். அவள் போன் பண்ணி, "படிக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. உங்க ரிக்கார்ட் பெட்டியெல்லாம் யூஸ் பண்ணிக்கட்டுமா?" என்றாள். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டான். பக்கத்து அபார்ட்மென்ட் ருக்மிணி ஆன்ட்டியும் அவர் கணவரும் வந்து, பால் பாக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளை, உள்ளே தட்டுகளோடு அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று படி கட்டி, மேலே வேஷ்டியை விரித்துக் கொடுத்தார்கள். பத்ரி திரும்பி வந்து பார்த்தபோது மரப்பாச்சி தம்பதி, தசாவதாரம், செட்டியார், எல்லோரும் அவனுடைய ஆஸ்திரேலியாவின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொலு வைத்த மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. விஷாகா ருக்மிணி ஆன்ட்டி வீட்டுக்குச் சுண்டல் வாங்கப் போயிருந்தாள். போனில் பேசியவள் ஜோன், லெஸ் ஹார்டிகனின் மகள். நியூகாசில் என்ற ஊரிலிருந்து பேசினாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நுரையீரல் போய்விட்டது, நாட்களைத்தான் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவர் பாட்டை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போனவர். தன் தட்டை அந்தக் காலத்திலேயே யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்க வேண்டும் என்கிறார். இன்டர்நெட் குழுவில் விசாரித்ததில் பத்ரியின் பெயரைச் சொன்னார்களாம். எதையும் அனுப்ப வேண்டாம், போனில் போட்டுக் காட்டினாலே போதும் என்றாள்.

பத்ரி கொலுவைப் பார்த்தான். நைட் ஃபெர்ரீஸ் இருந்தது நீலப் பெட்டியில். நீலப் பெட்டி மூன்றாம் படிக்கு அடியில், சுவரை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. மேலே உள்ளதையெல்லாம் இறக்காமல் அதைத் தொட முடியாது.

"அது ஸ்டோரேஜில் இருக்கிறது. அடுத்த வாரம்தான் எடுக்க முடியும்" என்று ஜோனிடம் சொன்னான். அவள் பரவாயில்லை, நன்றி என்று வைத்துவிட்டாள். அந்த நன்றி அவனை ராத்திரி முழுக்கப் புரட்டி எடுத்தது.

விஷாகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பாவம், தவித்துப் போவாள். கொலுவை எடுக்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. பிள்ளைத்தாச்சியை எதற்காக அந்த இக்கட்டில் மாட்ட வேண்டும்? இப்படி நினைத்ததில் தான் ஒரு நல்ல கணவன் என்ற திருப்திகூட அவனுக்கு லேசாக வந்தது. மறுநாள் அவள் குளிக்கும்போது, வேஷ்டியைத் தூக்கி, பெட்டியைப் பக்கவாட்டில் உருவ முடியுமா என்று பார்த்தான். மேல்படியில் கலசம் லேசாக ஆடியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். வேஷ்டியை முன்போலவே இழுத்து விட்டான். விஷாகாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை ஆன்ஸரிங் மெஷினில் மறுபடி ஜோனின் குரல். தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஒருவேளை ஸ்டோரேஜுக்குப் போக வழி இருந்தால், அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றது. பத்ரி அதை அழித்தான். விஷாகா சமையலறையில் கடுகு தாளித்துக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை. அன்று கொலு பார்க்க வந்த பெண்கள் எல்லோரும், படி ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கே, எங்கே வாங்கினே என்று கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பத்ரி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கேயோ ஒரு கிழவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு, தன் பத்தொன்பது வயதுக் குரலுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் குரலைக் காப்பாற்றியவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நிறையப் பேர் வருவார்கள், தேங்காயும் பூவும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் வாருங்கள் என்று விஷாகா சொல்லியிருந்தாள். மவுரி அவென்யூ இந்தியக் கடையில் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தான். கதவுக்கு வெளியிலேயே பாட்டுக் கேட்டது.

கரகரக்கும் கிட்டார், அதன் பின்னால் அவசரமாக ஓடும் டிரம், நடுவில் தொண்டை கிழியப் பாடும் ஒரு பையன். பத்ரி கதவைத் திறந்தான்.

உள்ளே கொலு இல்லை. சோபாவில் பட்டுப்புடவையை விரித்து, பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். கலசம் தனியாக ஒரு மணையில் இருந்தது, முன்னால் விளக்கு எரிந்தது. சுவரோரம் முழுக்கத் தட்டுகள் சின்னச் சின்ன அடுக்குகளாக இருந்தன. விஷாகா தரையில் உட்கார்ந்து, கார்ட்லெஸ் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

பாட்டு முடிந்தது. போனைக் காதில் வைத்துக் கேட்டாள். "ஒன்ஸ் மோர்? ஷ்யூர்" என்று ஊசியை மறுபடி ஓரத்தில் வைத்தாள். இரண்டாவது முறை போனிலிருந்தும் ஏதோ சத்தம் வந்தது. இருமலா, பாட்டா என்று பத்ரிக்குத் தெரியவில்லை. முடிந்ததும் ஜோனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை வைத்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"கூடவே பாடினார் தெரியுமா? ஒரு வரி மறக்கலை. நர்ஸெல்லாம் வந்து நின்னு கேட்டாளாம்" என்றாள். பிறகுதான் அவன் முகத்தைக் கவனித்தாள். "ஜோன் இன்னிக்கு மத்தியானம் மறுபடி கூப்பிட்டா. இதுக்கு முன்னால ரெண்டு தடவை உங்களுக்கு ட்ரை பண்ணினாளாமே. ஏன் என்கிட்ட சொல்லலை?"

"உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்."

"சாகக் கெடக்கற மனுஷன் தன் பாட்டைக் கேக்கணும்கறார். அது நம்மாத்துல இருக்கு. எடுத்துப் போடறதுல எனக்கு என்ன கஷ்டம்?"

"பெட்டியெல்லாம் தூக்கினியா? இந்த ஸ்டேஜ்ல நீ வெயிட் தூக்கலாமா?"

"ஒண்ணையும் தூக்கலை. உக்காந்துண்டு பத்துப் பத்து ரிக்கார்டா எடுத்து வெச்சேன். காலிப் பெட்டியைத் தள்ளினேன், அவ்வளவுதான். அம்பாளுக்கு நமஸ்காரம் பண்ணிட்டுதான் ஆரம்பிச்சேன். வாங்கோ, எல்லாரும் வரதுக்குள்ள திரும்ப அடுக்கிடலாம்."

அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். தேங்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போயிருக்கலாம். ஆனால் நாலு நாளாகத் தொண்டைக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"விஜயதசமி வரைக்கும் பொறுக்கக் கூடாதா விஷாகா? அதுவும் வெள்ளிக்கிழமையில கலசத்தை எறக்கி வெச்சிருக்கே. போன வருஷம் பட்டது போதாதா நமக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. இசைத்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. விஷாகா கையை நீட்டி ஊசியை எடுத்து வைத்தாள்.

"போன வருஷம் என்ன பட்டோம்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

அவன் தேங்காய்ப் பையைக் கீழே வைத்தான்.

"கொலுவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்கதானே சொன்னேள்? படமெல்லாம் போட்டுக் காமிச்சேளே. எங்கம்மாவோடகூடச் சண்டை போட்டேன், எங்காத்துக்காரர் பொய் சொல்ல மாட்டார்னு. அதை நம்பித்தானே இன்னிக்கு ஒவ்வொரு பொம்மையா எடுத்தேன்."

"சம்பந்தம் இல்லைதான். நான் ஏதோ டென்ஷன்ல..." என்று ஆரம்பித்தான். வெளியே படிக்கட்டில் பெண்கள் பேசிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. ருக்மிணி ஆன்ட்டியின் குரல் எல்லோருக்கும் மேலாக வந்தது. விஷாகா எழுந்திருக்கவில்லை. சோபாவில் கிடந்த பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கறச்சே எனக்குப் பயமே இல்லை" என்றாள். "இப்ப இருக்கு."