சிரிக்காமல் கொடுத்த பரிசு

"மீசையையாவது வுட்டுடச் சொல்லு மாமா" என்று ஈரத் தலையோடு குனிந்திருந்த குப்புராஜ் கெஞ்சினான்.

"பெத்தவள பாடையில வச்சிகினு மீசைக்குப் பேரம் பேசறியா? நீ எடுப்பா" என்று சவரக்காரரிடம் திரும்பினார் தாய்மாமன் ஜெயவேலு. கத்தி மேலுதட்டில் இறங்கியது.

இரும்புலியூர்ச் சுடுகாட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் ஏகநாதன் முழுத் தலைமுடியோடு பக்கத்தில் நின்றான். அப்பாவுக்கென்றால் மூத்தவன், அம்மாவுக்கென்றால் கடைக்குட்டி. கொள்ளி வைக்கிற வழக்கம் அப்படி. "அண்ணன் வைக்கட்டுமே" என்று காலையில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான் குப்புராஜ். சொந்தக்காரர்கள் அவனை அடிக்காத குறைதான்.

அன்று சாயங்காலம் தாம்பரம் கல்யாண மண்டபத்தில் சிரிப்புப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயிக்கிறவனை வேதாசலம் தன் மெல்லிசைக் குழுவில் சேர்த்துக்கொள்வார். இரண்டு பாட்டுக்கு நடுவில் கூட்டத்தைச் சிரிக்கவைக்க மேடை அவனுக்குத்தான். அதற்காகப் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை எத்தனை பையன்கள் மோதினார்கள்! எல்லோரையும் தள்ளி மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் குப்புராஜ், இன்னொருவன் அவன் சிநேகிதன் தாவீது.

மிஞ்சியது தன் திறமையாலா என்பதுதான் குப்புராஜுக்குத் தெரியவில்லை. முந்தைய சுற்றுகளில் அம்மா கங்கையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, அவன் வாயைத் திறக்கும்போதே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளைப் பார்த்து மண்டபமே சிரித்தது. "கூட்டம் உன்னால சிரிச்சுதா, உங்கம்மாவாலயா?" என்று வேதாசலமே கேட்டுவிட்டார். மானம் போனது. கடைசிச் சுற்றுக்கு வரவே கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

"சரிடா, உள்ள வரல. வாசல்ல நின்னுக்கறேன்" என்றாள் அவள். மறுநாள், போட்டியன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

சாவதற்கு இவளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? அப்படி நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

கொள்ளி வைத்துத் திரும்பிப் பார்க்காமல் நடந்து, வீட்டு வாசலில் குளித்து முடித்ததும் ஏகநாதன் அவனைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். கையில் ஒரு சட்டையும் துண்டும் இருந்தன.

"கெளம்பு. மாமா கேட்டா எங்கனா போய் அழுவுறான்னு சொல்லிக்கறேன்."

"தப்பில்லியா அண்ணா?"

"தப்புதான். போய்த் தொலை."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடினான். மண்டபத்தில் தாவீது முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"வந்துட்டியா மச்சான்! நீ வரமாட்டேன்னு நெனச்சி, மேடை ஏறினதுமே சொல்லிட்டேன்டா. காலையில மாலை போட்டுட்டு வந்ததுலேர்ந்து எனக்கு மனசே கேக்கல."

"இன்னா சொன்ன?"

"அம்மா தவறிட்டாங்கன்னு."

அது நல்ல மனசா, போட்டியா? சட்டையைப் பிடித்துக் கேட்க நேரமில்லை. வேதாசலம் மைக்கைப் பிடித்துவிட்டார். "தாயைத் தகனம் செய்த ஈரம் காயுமுன் கலைக்காக ஓடிவந்திருக்கும் குப்புராஜ்!" என்று தழுதழுத்தார். துண்டையும் அவரே அவிழ்த்தார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் மண்டபம் முழுக்க 'உச்' கொட்டியது.

குப்புராஜிடம் இருந்தது ஒரே ஒரு ஐட்டம். அது முழுக்க அம்மாதான்.

"எங்கம்மா பக்கத்து வூட்டுப் போன்ல பேசுங்க. வண்டலூர்ல கீற எங்கக்காவுக்குக் கேக்கணும்னு போடுற சத்தத்துல, இங்க தெருவே பேஜாராப் பூடும்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு நாளு போன் வயரே அறுந்துபோச்சு. எங்கம்மாவுக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் பேசிகினே கீது. அந்தப் பக்கம் எங்கக்காவும் பதில் சொல்லிகினே கீது!"

போன சுற்றில் மண்டபத்தையே உருட்டிய இடம் அது. இப்போது முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்தவள், "பெத்த மனசு பேசினா கேக்காம போவுமா?" என்றாள்.

குப்புராஜுக்கு ஆத்திரமாக வந்தது.

"வயரே இல்லீங்க! வெறுஞ்சத்தம்! அவ்ளோ தூரம் கத்துது!" என்று தொண்டை கிழியச் சொன்னான். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். சிரிங்கடா பாவிகளா, ஒரே ஒருத்தனாவது சிரிங்கடா என்று மனசுக்குள் கதறிக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தான். முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதல் பரிசு அவனுக்கே என்று அறிவித்தார்கள். மறுபேச்சே இல்லையாம். வேதாசலம் கோப்பையைக் கொடுத்தார்.

"பதினாறு முடியட்டும்பா. அடுத்த கச்சேரியில நீதான்."

"இன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கலியே சார்."

"எப்பிடிப்பா சிரிப்பாங்க?" என்றார் அவர்.

பரிசு வாங்கியவனுக்குக் கைகுலுக்க நடுவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் குலுக்கவில்லை. சாவு வீட்டு வாசலில் செய்வது போல, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, அவன் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். அதைப் பார்த்துக் கீழே இருந்தவர்களும் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். கடைசியாக, தலையைக் குனிந்தபடி தாவீது வந்து நின்றான்.

குப்புராஜ் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினான்.